சமக்குறி இல்லாத கால்குலேட்டர்: ஆர்பிஎன் பழகியவர்கள் வந்து பேசுங்கள்

நாலடுக்கு

பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி நேற்று அவசரத்துக்கு என் கால்குலேட்டரை எடுத்தான். 230 அடித்தான், பெருக்கல் குறியை அழுத்தினான், உடனே சைபர் வந்து நின்றது. அப்புறம் விரல் சமக்குறியைத் தேடி இரண்டு சுற்று சுற்றியது. "அண்ணா, இது ரிப்பேர் போல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ரிப்பேர் இல்லை. அது எச்பி-15சி (எச்பி என்றால் ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனி), 2023இல் திரும்பக் கொண்டுவந்த கலெக்டர்ஸ் எடிஷன். அதில் சமக்குறியே கிடையாது, இரண்டு வரிசை உயரத்துக்கு ஒரு என்டர் பொத்தான்தான் இருக்கிறது.

போனில் ஆரம்பித்து, அப்புறம் இந்த மிஷின் என்று பல வருடமாக ஆர்பிஎன் (ரிவர்ஸ் போலிஷ் நொட்டேஷன்) முறையில்தான் கணக்குப் போடுகிறேன். முதலில் இரண்டு எண்களையும் கொடு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இது பழகிய யாரும் திரும்பி சாதாரண கால்குலேட்டருக்குப் போய் நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று இங்கே பேசலாம் என்று நினைத்தேன்.

என் பக்கம் முதலில். கட்டட எஸ்டிமேட் வேலை. நேற்றைய கணக்கையே சொல்கிறேன். 14 ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரம்), ஒவ்வொன்றும் 1.5க்கு 1.5, கனம் 0.45 மீட்டர். 1.5 அடித்து என்டர் தட்டி உடனே × அழுத்தினால் 2.25 (என்டர் தட்டும்போதே அந்த எண் இரண்டு பிரதி ஆகிவிடும், மறுபடி 1.5 அடிக்க வேண்டியதில்லை). 0.45 ×, 14 ×. திரையில் 14.1750. இந்த இடத்தில் நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்து, சரியா என்று மனசுக்குள் ஒப்பிட்டுக்கொள்வேன். அப்புறம் எதையும் சேமிக்காமல், எதையும் எழுதி வைக்காமல், அப்படியே தூணுக்குப் போய்விடுவேன்: 0.23 என்டர் 0.38 × 3.1 × 14 ×. திரையில் 3.7932. ஃபுட்டிங் கணக்கு எங்கும் போகவில்லை, ஒரு படி மேலே ஏறிக் காத்துக்கொண்டிருக்கிறது. இப்போது + தட்டினால் 17.9682 கன மீட்டர். சேதாரம் 3 சதவீதம்: 3 அடித்து % தட்டினால் 0.5390, கூடவே + தட்டினால் 18.5072. சிமெண்ட் கலவை இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

இதில் அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை, மெமரி பொத்தானைத் தொடவில்லை. அதைவிட முக்கியம், நடுவில் வரும் ஒவ்வொரு விடையும் என் கண் முன்னால் வந்து போகிறது. ஒரு தடவை 0.45க்குப் பதில் 4.5 அடித்துவிட்டேன். 141.75 என்று வந்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. நீளமாக ஒரே வரியில் அடித்து முடிவில் சமக்குறி தட்டியிருந்தால் கடைசி எண்ணைப் பார்த்து எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பிராக்கெட் போதும்

அண்ணா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் கல்லூரியில் வாங்கிய காசியோ எஃப்எக்ஸ்-991 இன்னும் என் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, பின்னம் பின்னமாகவே, வர்க்கமூலம் மேலே கோடு போட்டபடியே திரையில் வருகிறது. தப்பாக அடித்துவிட்டால் அம்புக்குறியில் பின்னால் போய் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி மறுபடி சமக்குறி தட்டினால் போதும். உங்கள் மிஷினில் 14.1750 மட்டும்தான் இருக்கும், அது எப்படி வந்தது என்ற தடயமே இருக்காது. பத்து நிமிடம் கழித்து மேனேஜர் வந்து "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

ஒரே சூத்திரத்தில் மதிப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதற்கு கால்க் பொத்தான் வேறு இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே எதற்கு ஒரு புது முறை?

நாலடுக்கு

தடயம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதில் மறுக்க ஒன்றுமில்லை. ஸ்டாக்கில் (மிஷின் எண்களைப் படிப்படியாக அடுக்கி வைக்கும் இடம்) விடை இருக்கும், வந்த வழி இருக்காது. அதனால் நான் நடு விடைகளைத் தாளில் ஓரமாகக் குறித்துக்கொள்வேன், எஸ்டிமேட் வேலைக்கு எப்படியும் அது வேண்டும்.

ஆனால் தப்பைத் திருத்த வழி இல்லை என்று நினைக்காதீர்கள். லாஸ்ட் எக்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 25இல் இருந்து 8ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கை தவறிக் கூட்டிவிட்டேன், 33 வந்துவிட்டது என்று வையுங்கள். லாஸ்ட் எக்ஸ் தட்டினால் கடைசியாகப் பயன்பட்ட 8 திரும்ப வரும், − தட்டினால் 25க்கே போய்விட்டோம். இன்னொரு தடவை லாஸ்ட் எக்ஸ், −. 17. அந்த 25 நாலு வரி கணக்கின் விடையாக இருந்தாலும் சரி, அதை மறுபடி அடிக்கத் தேவையில்லை.

மின்பொறி

நான் எலக்ட்ரானிக்ஸ் பக்கம். பேரலலாக இரண்டு ரெசிஸ்டர், 100 ஓமும் 220 ஓமும். 15சியில் அடிப்பது: 100, தலைகீழ் பொத்தான் (1/x), 220, தலைகீழ் பொத்தான், +, மறுபடி தலைகீழ் பொத்தான். 68.75. என்டர்கூடத் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஒரு செயல் முடிந்த பிறகு அடிக்கும் எண் தானாகவே புது படியில் உட்காரும். எண்ணிப் பார்த்தால் 10 தட்டு. காசியோவில் 12 தட்டு வரும். இரண்டு தட்டு மிச்சம் என்பதற்காக யாரும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, அதை ஆர்பிஎன் ஆட்கள் பெரிதாகப் பேசுவது எனக்கும் பிடிக்காது.

எனக்கு இதில் பிடித்தது வேறு. குழப்பத்துக்கு இடமே இல்லை. 6÷2(1+2) என்று ஒரு கணக்கு சமூக ஊடகங்களில் வருடா வருடம் சுற்றி வருகிறதே, 1 என்று ஒரு கூட்டமும் 9 என்று ஒரு கூட்டமும் சண்டை போடுமே, கால்குலேட்டர்களே மாடலுக்கு மாடல் வேறு வேறு விடை தருமே, அந்தச் சண்டை ஆர்பிஎன்னில் நடக்கவே முடியாது. 6 என்டர் 2 ÷ 1 என்டர் 2 + × என்று அடித்தால் 9. 6 என்டர் 2 என்டர் 1 என்டர் 2 + × ÷ என்று அடித்தால் 1. எது வேண்டும் என்று அடிப்பவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும், மிஷின் ஊகிக்காது.

இன்னொன்று. எக்செலில் =-3^2 என்று போட்டால் 9 வரும். கணித வழக்கப்படி அது −9. இதில் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஆர்பிஎன்னில் முதலில் வர்க்கமா, முதலில் குறி மாற்றமா என்பது விரல் போகும் வரிசையிலேயே தீர்ந்துவிடுகிறது.

பழைய எல்இடி

வரலாறு கொஞ்சம் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி.

பெயரில் இருக்கும் "போலிஷ்" போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் வுகாஷேவிச்சைக் குறிக்கிறது. 1878இல் ல்வூவ் நகரில் பிறந்தவர், 1956இல் டப்ளினில் இறந்தார். 1920களில் அவர் கொண்டுவந்தது, குறியை முன்னால் போட்டுவிட்டு எண்களைப் பின்னால் எழுதுவது. அப்படி எழுதினால் அடைப்புக்குறியே வேண்டாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. அதைத் திருப்பிப் போட்டு, குறியைப் பின்னால் கொண்டுபோனால் கம்ப்யூட்டருக்கு இன்னும் வசதி என்று 1950களில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஹாம்ப்ளின் உட்படப் பலர் கண்டுகொண்டார்கள். வரும் எண்ணை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, குறி வந்ததும் கடைசியாக வந்த இரண்டை எடுத்து, செய்து, விடையை அதே இடத்தில் வைத்தால் முடிந்தது.

1968இல் எச்பி 9100ஏ மேஜைக் கால்குலேட்டர் வந்தது. அதன் திரையில் மூன்று எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும், ஸ்டாக்கையே கண்ணால் பார்க்கலாம். இதைச் சட்டைப் பாக்கெட்டில் அடங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று எச்பி நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட் கேட்டதில்தான் 1972இல் எச்பி-35 பிறந்தது. 35 பொத்தான்கள், அதனால் அந்தப் பெயர். விலை 395 டாலர், அந்தக் காலத்தில் பெரிய பணம். அப்படியும் விற்றுத் தீர்ந்தது, அதுவரை என்ஜினியர்கள் கணக்குப் போட்ட நகர்த்தும் அளவுகோலான ஸ்லைட் ரூல் அதோடு அலமாரிக்குள் போய்விட்டது. நாலு படி ஸ்டாக் என்ற வழக்கம் அதிலிருந்துதான் நிலைத்தது: எக்ஸ், ஒய், இசட், டி.

அப்போது ஆர்பிஎன்னைத் தேர்ந்தெடுத்ததற்கு உள்ளே இருந்த சில்லின் கொள்ளளவும் ஒரு காரணம். சாதாரண முறையில், பாதியில் நிற்கும் கூட்டலையும் திறந்து கிடக்கும் அடைப்புக்குறியையும் மிஷின் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்பிஎன்னில் பாதியில் நிற்கும் வேலை என்று எதுவும் கிடையாது. குறியைத் தட்டியதும் வேலை நடந்துவிடும்.

எச்பி மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். 1974இல் பிரிட்டனில் வந்த சின்கிளேர் சயன்டிஃபிக்கும் ஆர்பிஎன்தான். சோவியத் யூனியனில் எலக்ட்ரோனிகா பி3-34, எம்கே-61 எல்லாம் அதே முறை. அங்கே ஒரு தலைமுறையே புரோகிராமிங்கை அந்தக் கால்குலேட்டர்களில்தான் கற்றுக்கொண்டது, பத்திரிகையில் வந்த நிலவில் இறங்கும் விளையாட்டை அதில் அடித்து விளையாடினார்கள். ஃபோர்த் என்ற கணினி மொழியும் பிரிண்டருக்குள் ஓடும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் இதே வரிசைதான்.

வாய்ப்பாடு

பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தோன்றியது, யாராவது சொல்லுவார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

இது நாம் பேசும் வரிசை!

"5ஐயும் 3ஐயும் கூட்டி, 4ஆல் பெருக்கு." வகுப்பில் இப்படித்தானே சொல்கிறேன்? அதை அப்படியே பொத்தானில் அடித்துப் பாருங்கள். 5 என்டர் 3 +, 4 ×. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும், எதை எதை என்று முதலில் சொல்லிவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் சொல்வோம். "கூட்டி" என்ற அந்த வினையெச்சத்தைக் கவனியுங்கள். கூட்டி முடித்தாயிற்று, விடை கையில் இருக்கிறது, அடுத்த வினைக்காகக் காத்திருக்கிறது. ஸ்டாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கும் எண் அதுதான்.

இன்னும் சிக்கலாகப் போகலாம். "5ஐயும் 3ஐயும் கூட்டி வருவதை, 9இல் 2ஐக் கழித்து வருவதால் பெருக்கு." 5 என்டர் 3 +, 9 என்டர் 2 −, ×. விடை 56. சாதாரண எழுத்தில் இதற்கு இரண்டு ஜோடி அடைப்புக்குறி வேண்டும், தமிழ் வாக்கியத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஆங்கிலத்தில் "ஆட் ஃபைவ் அண்ட் த்ரீ" என்று வினை முதலில் வருகிறது இல்லையா, அது வுகாஷேவிச் எழுதிய அசல் வரிசை. திருப்பிப் போட்டது நம்முடைய வரிசை.

இதைக் கண்டுபிடித்ததில் இருந்து மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. நாளைக்கே எட்டாம் வகுப்பில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கீழே பொத்தான் வரிசையை எழுதச் சொல்லப் போகிறேன்.

மின்பொறி

டீச்சர், இதை எத்தனையோ வருடமாக அடிக்கிறேன், ஒரு நாள்கூட இப்படி யோசித்ததில்லை.

பிராக்கெட் போதும்

அழகான விஷயம், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு கேள்வி. வாயால் சொல்வது அந்த வரிசை, ஆனால் எழுதுவது 5 + 3 என்றுதானே? பையன் ஒன்றாம் வகுப்பில் இருந்து பார்த்தது அதைத்தான். பார்ப்பதை அப்படியே அடிப்பது சுலபமா, மனசுக்குள் மாற்றி அடிப்பது சுலபமா?

வாய்ப்பாடு

நியாயமான கேள்வி. 5 + 3 என்று பக்கவாட்டில் எழுதுவது சமன்பாட்டுக்கு. ஆனால் நிஜமாகக் கூட்ட வேண்டி வந்தால் பையன் என்ன செய்கிறான்? 4867ஐ எழுதுகிறான், அதற்கு நேர் கீழே 2958ஐ எழுதுகிறான், கோடு போடுகிறான், அப்புறம் கூட்டுகிறான். இரண்டு எண்ணும் வந்த பிறகுதான் வேலை. மளிகைக்கடை அண்ணாச்சி துண்டுச்சீட்டில் போடுவதும் அதுதான்.

அதே மாதிரி அடைப்புக்குறிக் கணக்கைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிக்கச் சொல்கிறோம்? உள் அடைப்பில் இருந்துதானே. அந்த ஒழுங்கை ஆர்பிஎன் விரலுக்கே பழக்கிவிடுகிறது. உங்கள் காசியோ அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது, வசதிதான், ஆனால் பையன் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யோசிக்காமலேயே விடைக்குப் போய்விடுகிறான். எனக்கு ஆசிரியராக அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஆடிட்டர் ஆபீஸ்

நீங்கள் எல்லாம் என்ஜினியர் கணக்கு பேசுகிறீர்கள். எச்பி-12சி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! 1981இல் வந்த மாடல், இன்னும் விற்பனையில் இருக்கிறது. சிஎஃப்ஏ என்ற நிதி ஆய்வாளர் தேர்வுக்கு உள்ளே கொண்டுபோக அனுமதிக்கும் கால்குலேட்டர் வகை இரண்டே இரண்டு, அதில் ஒன்று இது.

ஜிஎஸ்டி போடுவதைப் பாருங்கள். 4500 என்டர் 18 %. திரையில் 810, அது வரித்தொகை. அப்புறம் + தட்டினால் 5310, அது மொத்தம். பில்லில் இரண்டு கட்டமும் நிரப்ப வேண்டும், இரண்டும் ஒரே ஓட்டத்தில் வந்துவிட்டன. % தட்டிய பிறகும் 4500 மேல் படியில் பத்திரமாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

கடன் தவணைக்கு மேல் வரிசையில் ஐந்து பொத்தான்: மாதம், வட்டி, இன்றைய மதிப்பு, தவணை, கடைசி மதிப்பு. 8 லட்சம், 9.6 சதவீதம், 10 வருடம். வருடத்தை மாதமாக்கவும் வருட வட்டியை மாத வட்டியாக்கவும் நீலப் பொத்தானோடு சேர்த்து ஒரு தட்டு போதும். தவணைப் பொத்தானைத் தொட்டால் சின்னதாக "ரன்னிங்" என்று மினுங்கிவிட்டு, மைனஸ் 10,395 ரூபாய் சொச்சம் வரும். மைனஸ் எதற்கு என்றால், கடன் கைக்கு வந்த பணம், தவணை கையை விட்டுப் போகும் பணம். அந்தக் குறியே வாடிக்கையாளருக்கு விளக்க உதவும். 120 என்டர் × அடித்து அசலையும் கூட்டிவிட்டால் (இங்கேயும் மைனஸைக் கவனத்தில் வைக்க வேண்டும்) வட்டி மட்டும் ஏறக்குறைய 4.47 லட்சம் என்று அவர் முன்னாலேயே காட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டால் 12சி பின்னத்தைக் காட்டாது, மேல் முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். தெரியாமல் அந்த எண்ணை வைத்து மேலே கணக்குப் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

நாலடுக்கு

சார், சின்னத் திருத்தம். தவணை ஏற்கெனவே திரையில் இருக்கும்போது 120 அடித்து நேராக × தட்டினாலே போதும். நடுவில் என்டர் வைத்தால் 120ஐ 120ஆல் பெருக்கி 14,400 காட்டும்.

ஆடிட்டர் ஆபீஸ்

ஆமாம், சரிதான். விரல் சரியாகத்தான் அடிக்கிறது, எழுதும்போது தவறிவிட்டது. நன்றி.

புதுவரவு

வணக்கம். இதையெல்லாம் படித்துவிட்டு ஆசை வந்துவிட்டது, ஆனால் மிஷின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. செலவில்லாமல் பழகிப் பார்க்க வழி உண்டா?

மின்பொறி

ஃப்ரீ42 என்று தேடுங்கள். 1988இல் வந்த எச்பி-42எஸ் மாடலை அப்படியே மென்பொருளாக எழுதியது, இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும். மேக் வைத்திருந்தால் அதோடு வரும் கால்குலேட்டரிலேயே ஆர்பிஎன் இருக்கிறது. லினக்ஸ் ஆசாமியாக இருந்தால் டெர்மினலில் டிசி என்ற பழைய நிரல்.

புதுவரவு

ஃப்ரீ42 போட்டுவிட்டேன். 7 என்டர் 8 என்டர் + அடித்தேன், 15 வர வேண்டிய இடத்தில் 16 வருகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

நாலடுக்கு

எல்லோரும் முதல் நாள் இதில்தான் மாட்டுவார்கள் தம்பி. இப்போதுதான் மேலே 120இல் நடந்ததும் இதுவே. என்டர் தட்டினால் எண் இரண்டு பிரதி ஆகும் என்று முதல் பதிவில் சொன்னேனே, 8க்குப் பிறகு என்டர் தட்டியதும் 8 இரண்டாகிவிட்டது, + அந்த இரண்டு 8ஐயும் கூட்டிவிட்டது. 7 பாவம் மேலேயே இருக்கிறது, இன்னொரு தடவை + தட்டினால் 23 வரும், பாருங்கள். என்டர் என்பது இரண்டு எண்ணையும் பிரித்துக் காட்ட மட்டும். 7 என்டர் 8 +. அவ்வளவே. (எச்பி-48 வரிசையில் நீங்கள் அடித்தபடியே அடித்தாலும் 15தான் வரும், அதில் என்டர் வேலை செய்யும் விதம் வேறு.)

அந்தப் பிரதி எடுக்கும் குணத்தை வைத்து ஒரு நல்ல வேலை செய்யலாம், இன்றைக்கே முயன்று பாருங்கள். 1.05 அடித்து மூன்று தடவை என்டர் தட்டுங்கள். நாலு படியும் 1.05ஆல் நிறைந்துவிட்டது. இப்போது 1000 அடித்து × தட்டுங்கள்: 1050. மறுபடி ×: 1102.50. மறுபடி ×: 1157.625. எத்தனை தட்டு தட்டுகிறீர்களோ அத்தனை வருடக் கூட்டுவட்டி. உச்சிப் படியில் இருக்கும் எண் கீழே இறங்கும்போது தன் பிரதியை மேலேயே விட்டுவிட்டு வரும், அதனால் 1.05 தீரவே தீராது.

அதே தந்திரத்தில் பல்லுறுப்புக் கோவையும் போடலாம். இரண்டு எக்ஸ் மூன்றடுக்கு, கூட்டல் மூன்று எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஐந்து எக்ஸ், கூட்டல் ஏழு. எக்ஸ் 1.4. நாலு படியையும் 1.4ஆல் நிரப்பிவிட்டு 2 × 3 + × 5 − × 7 +. விடை 11.368. அடுக்குப் பொத்தானையே தொடவில்லை.

பிராக்கெட் போதும்

இதை இப்போது ஃப்ரீ42இல் அடித்துப் பார்த்தேன். காசியோவிலும் அடித்தேன். காசியோவை விடப் போவதில்லை, என் வேலைக்கு அந்த முழு வரி திரையில் தெரிந்தாக வேண்டும். ஆனால் இந்த 2 × 3 + × 5 − × 7 + மட்டும் மூன்று தடவை வேண்டுமென்றே அடித்தேன், விரலுக்கு ஒரு தாளம் மாதிரி இருக்கிறது. போனில் இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். நாலு படிக்கு மேல் ஐந்தாவது எண் வந்தால்?

பழைய எல்இடி

உச்சியில் இருப்பது சத்தமில்லாமல் விழுந்துவிடும். மிஷின் எச்சரிக்காது. இது நிஜமான குறைதான், மூடி மறைக்கக் கூடாது. 1987இல் வந்த எச்பி-28சியும் அதற்குப் பின் வந்த 48 வரிசையும் மெமரி இருக்கும் வரை படி ஏறிக்கொண்டே போகும் ஸ்டாக்கைக் கொண்டுவந்தன. ஆனால் உள் அடைப்பில் இருந்து ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால் அன்றாடக் கணக்குக்கு நாலு படி தாண்டுவது அபூர்வம். நான் எச்பி-35இல் தாண்டியதாக நினைவில்லை.

வாய்ப்பாடு

வகுப்பில் செய்து பார்த்தேன். வாக்கியத்தை எழுதிவிட்டு பொத்தான் வரிசையைக் கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், 'யும்' வரும் இடத்தில் எல்லாம் என்டர் தட்டணுமா?" என்று கேட்டாள். இரண்டாவது "யும்"க்குத் தட்டக் கூடாது என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். அந்த 16 விஷயத்தை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

புதுவரவு

இரண்டு நாள் ஆயிற்று. இப்போது 7 என்டர் 8 + தானாக வருகிறது. மின்பொறி அண்ணா சொன்ன ரெசிஸ்டர் கணக்கையும் அடித்தேன், 68.75. வீட்டில் 100ம் 220ம் கிடந்தன, சேர்த்து முறுக்கி மல்டிமீட்டரை வைத்தேன். 68.4 காட்டுகிறது.